அகதியைத் தரம் பிரித்தது யார்? டூசான் அடைக்கல இயக்கம்: ஒரு நிகழ்வு ஆய்வு

1982 மார்ச் 24 அன்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டூசான் நகரில், சவுத்சைடு பிரெஸ்பிடேரியன் ஆலயத்துக்கு வெளியே ஸ்பானிய மொழியில் இரண்டு பதாகைகள் கட்டப்பட்டன. மத்திய அமெரிக்காவில் ஒடுக்கப்பட்டவர்களுக்கு இது கடவுளின் அடைக்கலம் என்றது ஒன்று. இன்னொன்று குடிவரவுத் துறைக்கு: கடவுளின் அடைக்கலத்தைத் தீட்டுப்படுத்தாதே. வெளியே மேசை போட்டு, பத்திரிகைக்காரர்களை வரவழைத்து, மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரிலிருந்து வந்த, முகத்தைத் துணியால் மறைத்த ஓர் அகதியையும் உடன் வைத்துக்கொண்டு, போதகர் ஜான் ஃபைஃப் சபையின் முடிவை அறிவித்தார். முந்தைய நாளே அரசின் அட்டர்னி ஜெனரல் வில்லியம் ஃபிரெஞ்ச் ஸ்மித்துக்குக் கடிதம் போயிருந்தது. குடிவரவுச் சட்டத்தின் இன்ன பிரிவை வெளிப்படையாக மீறப்போகிறோம் என்று பிரிவு எண்ணோடு எழுதியிருந்தார்கள்.

தேதியை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தார்கள். சரியாக இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே நாளில்தான் எல் சால்வடோரின் தலைநகரான சான் சால்வடோரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ, திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். சாவதற்குச் சில வாரங்களுக்கு முன், எங்கள் அரசுக்கு ஆயுத உதவி செய்யாதீர்கள் என்று அவர் அமெரிக்க அதிபர் கார்ட்டருக்குக் கடிதம் எழுதியிருந்தார். உதவி நிற்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மூன்று அமெரிக்கக் கன்னியாஸ்திரிகளும் அவர்களோடு ஊழியம் செய்த ஒரு பெண்ணும் எல் சால்வடோரில் தேசியக் காவல் படையினரால் கொல்லப்பட்டார்கள். அமெரிக்க கிறிஸ்தவர்களுக்கு எல் சால்வடோர் என்ற பெயர் பழகியதே இப்படித்தான். தொலைக்காட்சிச் செய்திக்கு முன்னாலேயே, அங்கே ஊழியம் செய்த தங்கள் சொந்த ஆட்களிடமிருந்து அவர்களுக்குத் தகவல் வந்துகொண்டிருந்தது.

இந்த நிகழ்வை இரக்கத்தின் கதையாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. அப்படித்தான் பெரும்பாலும் சொல்லவும் செய்கிறார்கள். எனக்கு இதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. வாசலில் வந்து நிற்கிறவர்களில் யாரை உள்ளே விடுவது, யாரை விடக்கூடாது என்று இந்தக் கதையில் எல்லோருமே தரம் பிரிக்கிறார்கள். வாஷிங்டன் பிரித்தது. நீதிமன்றம் தன் வழியில் பிரித்தது. அடைக்கலம் கொடுத்தவர்களும் பிரித்தார்கள். அதைத் தொடர்ந்து பார்த்தால்தான் டூசான் சபை எதைச் செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்பது தெரியும்.

முதலில் வாஷிங்டன். 1980 மார்ச்சில் அமெரிக்கா புதிய அகதிகள் சட்டம் கொண்டுவந்தது. எந்த நாட்டிலிருந்து ஓடிவந்தாலும், இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்று நியாயமாக அஞ்சுகிறவர் அகதி. சட்டத்தின் எழுத்து அவ்வளவு தெளிவு. நடைமுறை வேறு. 1984இல் தஞ்சம் கேட்ட ஈரானியரில் சுமார் 60 சதவீதம் பேருக்கும், சோவியத் படையிடமிருந்து தப்பிவந்த ஆஃப்கானியரில் சுமார் 40 சதவீதம் பேருக்கும், போலந்துக்காரர்களில் மூன்றில் ஒருவருக்கும் அனுமதி கிடைத்தது. சால்வடோர்காரர்களுக்கும் குவாத்தமாலாக்காரர்களுக்கும் மூன்று சதவீதத்தைக்கூட எட்டவில்லை. எல் சால்வடோர் உள்நாட்டுப் போரில் சுமார் 75,000 பேர் செத்தார்கள், குவாத்தமாலாவில் சுமார் இரண்டு லட்சம் பேர். ஆக, ஆபத்து குறைவு என்பது காரணமில்லை. இவர்களை அகதி என்று ஒப்புக்கொண்டால், நாம் ஆயுதம் கொடுக்கிற அரசு தன் மக்களையே கொல்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒருவர் யாருக்குப் பயந்து ஓடினார் என்பதை வைத்து அவர் அகதியா இல்லையா என்று தீர்மானிக்கப்பட்டது. சால்வடோர்காரர்கள் அமெரிக்காவின் நண்பர்களுக்குப் பயந்து ஓடிவந்தவர்கள்.

டூசான் மக்களுக்கு இது புள்ளிவிவரமாக வந்து சேரவில்லை, பிணமாக வந்தது. 1980 ஜூலையில் அரிசோனாவின் ஆர்கன் பைப் பாலைவனத்தில், கூட்டிவந்த கடத்தல்காரர்கள் கைவிட்டுப் போனதில், சால்வடோரிலிருந்து வந்த ஒரு கூட்டத்தில் 13 பேர் வெயிலிலும் தாகத்திலும் செத்துப்போனார்கள். பிழைத்தவர்களை ஊர்ச் சபைகள்தான் கவனித்துக்கொண்டன. அவர்களிடம் பேசியபோதுதான் ஃபைஃப் உட்படப் பலருக்கும் முழு விவரம் தெரிந்தது. டூசானில் பல சபைகள் சேர்ந்து வாரந்தோறும் அரசு அலுவலகக் கட்டடத்துக்கு முன்னால் ஜெபக் கூட்டம் நடத்தத் தொடங்கின. தடுப்பு முகாமில் இருந்தவர்களை ஜாமீனில் எடுக்கப் பணம் திரட்டினார்கள். சிலர் தங்கள் வீட்டுப் பத்திரத்தையே ஈடாகக் கொடுத்தார்கள். வக்கீல் வைத்து விண்ணப்பம் போட்டார்கள். விண்ணப்பங்கள் வரிசையாகத் தள்ளுபடியாயின. நல்ல மனம், பணம், வக்கீல், சட்டம் எல்லாம் இருந்தும் வேலைக்காகவில்லை. இந்தக் கட்டத்தை நாம் வேகமாகத் தாண்டிவிடக்கூடாது. இந்தச் சபைகள் எடுத்த எடுப்பில் சட்டத்தை மீறவில்லை. சட்டத்தோடு முழுசாக மல்லுக்கட்டிப் பார்த்துத் தோற்ற பிறகுதான் மீறினார்கள்.

அப்புறம் ஜிம் கார்பெட் வருகிறார். குவேக்கர் சபைக்காரர், ஹார்வர்டில் தத்துவம் படித்தவர், பண்ணைக்காரர், ஆடு மேய்ப்பவர். மூட்டுவாதத்தால் கைவிரல்களும் கால்களும் கோணிப்போனவர். 1981 மே மாதம், அவருடைய நண்பர் ஒருவர் வழியில் காரில் ஏற்றிக்கொண்ட சால்வடோர் இளைஞரை எல்லைக் காவல் படை சோதனைச் சாவடியில் பிடித்துக்கொண்டு போனது. விஷயம் கேள்விப்பட்ட கார்பெட் மறுநாள் குடிவரவு அலுவலகத்துக்குப் போன் செய்து, ஜிம் கார்பெட் பேசுகிறேன், அந்தப் பையன் எங்கே என்று கேட்டார். அதே பெயரில் டூசானுக்கு ஒரு முன்னாள் மேயர் இருந்தார். எதிர்முனையில் இருந்தவர் கேள்வி கேட்காமல் விவரத்தைச் சொல்லிவிட்டார்.

கார்பெட் எல்லையோர நொகாலெஸ் ஊர்ச் சிறைக்குப் போனார். ஒரு கைதிக்குச் சட்டப் பிரதிநிதி இருக்கிறார் என்று காட்டும் படிவம் ஒன்று உண்டு, அதில் கையெழுத்து வாங்கிவிட்டால் ஆளை உடனே நாடு கடத்த முடியாது. உள்ளே போனால் அந்த இளைஞரோடு இன்னும் சில சால்வடோர்காரர்களும் இருந்தார்கள். படிவம் போதவில்லை. மேலும் சில படிவம் வாங்க எல்லைக் காவல் அலுவலகத்துக்குப் போனார். அங்கே அவரைக் காத்திருக்க வைத்தார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் படிவத்தோடு திரும்பினால், ஆட்கள் அங்கே இல்லை, கலிபோர்னியாவில் உள்ள எல் சென்ட்ரோ முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சட்டப்படி நடக்கிற ஒருவரைச் சட்டத்தைக் காக்க வேண்டியவர்களே காத்திருக்க வைத்து ஏமாற்றினார்கள். கார்பெட்டின் பிற்காலச் சிந்தனை முழுக்க இந்தக் காத்திருப்பு அறையிலிருந்துதான் கிளம்பியது என்று சொல்வேன்.

அதன்பின் அவரே எல்லைக்கு அப்பால் போக ஆரம்பித்தார். மெக்சிகோ பக்க நொகாலெஸில் பங்குத்தந்தையாக இருந்த ரமோன் கினோனெஸ் அங்குள்ள சிறைக்குப் போய்க் கைதிகளைச் சந்திப்பது வழக்கம். கார்பெட்டும் கூடவே பாதிரியார் போல நுழைந்து, நாடு கடத்தப்படவிருந்த மத்திய அமெரிக்கர்களிடம் எல்லைக்கு இந்தப் பக்கம் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவைத்தார். எல்லை தாண்டி வருகிறவர்கள் அமெரிக்கப் பக்கத்து நொகாலெஸில் இருந்த திருஇருதய ஆலயத்தில் தங்கி, அங்கிருந்து காரில் டூசான் போவார்கள். கொஞ்ச நாளில் கார்பெட்டின் சிறிய வீடு நிரம்பி வழிந்தது. ஃபைஃபிடம் வந்து, உங்கள் ஆலயத்தில் இவர்களைத் தங்கவைக்க முடியுமா என்று கேட்டார்.

ஃபைஃப் உடனே சரி சொல்லவில்லை. கார்பெட் அவரிடம் இரண்டு வரலாறுகளை எடுத்து வைத்தார். கறுப்பின அடிமைகள் தப்பிக்க ரகசியமாக உதவிய சபைகள் ஒரு பக்கம். 1930களில் யூதர்கள் ஐரோப்பாவில் வேட்டையாடப்பட்டபோது கதவைச் சாத்திக்கொண்ட சபைகள் மறுபக்கம். நாம் எந்தப் பக்கம் என்று கேட்டார். ஃபைஃப் மூப்பர் குழுவிடம் கொண்டுபோனார், அவர்கள் சம்மதித்தார்கள். அந்தச் சபையே அமெரிக்கப் பூர்வகுடிகள், மெக்சிகோ வம்சாவளியினர், கறுப்பினத்தவர், வெள்ளையர் என்று கலந்த, வசதி குறைந்த பகுதிச் சபை. ஆலயத் தரையில் படுத்துக்கிடந்த அந்நியர்கள் அவர்களில் பலருக்கு அவ்வளவு அந்நியமாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

சில மாதங்கள் எல்லாம் ரகசியமாக நடந்தது. பிறகு அரசுத் தரப்பிலிருந்து காதுக்கு ஒரு செய்தி வந்தது: நீங்கள் செய்வது எங்களுக்குத் தெரியும், நிறுத்தாவிட்டால் வழக்கு. இனி இரண்டே வழி. நிறுத்த வேண்டும், அல்லது அவர்கள் பிடிப்பதற்கு முன் நாமே ஊரறியச் சொல்லிவிட வேண்டும். பிடிபட்டபின் சொன்னால் கடத்தல்காரன் சாக்குச் சொல்கிறான் என்பார்கள். சபை முழுவதும் கூடி, ரகசிய வாக்கெடுப்பு நடத்தி, பெரும் பெரும்பான்மையோடு இரண்டாவது வழியைத் தேர்ந்தது. ஆக, மார்ச் 24 அறிவிப்பு வீர உணர்ச்சியில் செய்தது அல்ல. பெருமளவுக்கு அது தற்காப்பு. இதைச் சொல்வதால் அதன் மதிப்பு குறைவதாக நான் நினைக்கவில்லை.

வேதத்தில் ஆதாரம் தேடி அவர்கள் அலைய வேண்டியிருக்கவில்லை. ‘அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்’ என்ற மத்தேயு 25ஆம் அதிகாரமும், தேசத்தில் தங்கும் அந்நியனைச் சுதேசியைப் போல நடத்தச் சொல்லும் லேவியராகமம் 19ஆம் அதிகாரமும், எண்ணாகமம் 35இல் வரும் அடைக்கலப் பட்டணங்களும் இயக்கம் முழுக்க வாசிக்கப்பட்டன. ஆனால் வேதவசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் இந்த வழக்கு வேறு மாதிரி போயிருக்கும். முதல் கடிதத்தில் சட்டத்தை மீறுகிறோம் என்று எழுதியவர்கள் கொஞ்ச நாளில் பேச்சை மாற்றினார்கள். கார்பெட் இதைத் தெளிவாக வகுத்தார். 1980 சட்டமும் அமெரிக்கா ஏற்றுக்கொண்ட சர்வதேச உடன்படிக்கைகளும் அகதியைத் திருப்பி அனுப்பாதே என்கின்றன. மீறுவது அரசு. அரசு செய்யத் தவறிய சட்டக் கடமையைக் குடிமக்கள் கையில் எடுத்து, பகிரங்கமாக, வன்முறையில்லாமல், தண்டனைக்குத் தயாராக நிறைவேற்றுகிறார்கள். இதற்கு அவர் வைத்த பெயர் குடிமை முன்முயற்சி. சட்டம் தப்பு, அதனால் மீறுகிறேன் என்பது காந்தியிடமிருந்து நாம் அறிந்த வழி. சட்டம் சரி, அதனால் நான் நிறைவேற்றுகிறேன் என்பது இவர்கள் வழி.

இந்த வாதத்துக்குள்ளேயே ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இயக்கம் வேகமாகப் பரவியது. டூசான் அறிவித்த அதே நாளில் சான்ஃபிரான்சிஸ்கோ பகுதியில் ஐந்து சபைகள் சேர்ந்துகொண்டன. அடுத்த சில ஆண்டுகளில் கத்தோலிக்க, லூத்தரன், குவேக்கர், யூத சபைகள் என்று நாடு முழுக்க எண்ணிக்கை ஐநூறை நெருங்கியது. டூசானால் இவ்வளவையும் ஒருங்கிணைக்க முடியாது என்பதால் சிகாகோவில் இருந்த ஒரு மதக் கூட்டமைப்பு அந்த வேலையை ஏற்றது. அங்கேதான் தகராறு வந்தது.

சிகாகோக்காரர்களுக்கு அடைக்கலம் ஓர் அரசியல் கருவி. மத்திய அமெரிக்கப் போருக்கு அமெரிக்கா பணம் கொடுப்பதை நிறுத்த வேண்டும், அதற்கு மக்கள் மனம் மாற வேண்டும், அதற்கு அகதிகள் மேடையேறிப் பேச வேண்டும். அதனால் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று அரசியல் புரிதலோடு விளக்கக்கூடியவர்களை அனுப்புங்கள் என்றார்கள். டூசான் மறுத்தது. பேசத் தெரியாத விவசாயி, அரசியலே வேண்டாம் என்கிற தாய், அரசை எதிர்த்துப் போரிட்ட கெரில்லாக்களுக்குப் பயந்து ஓடிவந்தவர், எல்லோருக்கும் ஆபத்துதான் அளவுகோல், பயன் அல்ல என்றார் கார்பெட். சிகாகோ தரப்பு முட்டாள்தனமாகப் பேசவில்லை. சில ஆயிரம் பேரைக் காப்பாற்றிவிட்டு, லட்சக்கணக்கானவர்களைக் கொல்லும் போரைத் தொடரவிடுவது என்ன கருணை என்பது கனமான கேள்வி. ஆனாலும் எனக்கு டூசான் சொன்னதுதான் சரியாகப் படுகிறது. யாருக்குப் பயந்து வந்தாய் என்று பார்த்து அரசு பிரித்தது. எங்களுக்கு எவ்வளவு பயன்படுவாய் என்று பார்த்துச் சபையும் பிரித்தால், வந்து நிற்கிறவருக்கு இரண்டு இடத்திலும் ஒரே பரீட்சை. முகத்தை மறைத்துக்கொண்டு, தன் வீட்டில் நடந்த கொலைகளைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லச் சொல்வதை விருந்தோம்பல் என்று எப்படிச் சொல்வது?

அரசு சும்மா இருக்கவில்லை. ஆலயத்துக்குள் போலீஸ் புகுந்தால் படம் நன்றாக இருக்காது என்று தெரிந்து, உளவாளிகளை அனுப்பியது. குடிவரவுத் துறைக்காகப் பணம் வாங்கிய ஆட்கள் தன்னார்வலர்களாக நடித்துச் சேர்ந்து, அகதிகளைக் காரில் கொண்டுபோய் விட்டார்கள், கூட்டங்களிலும் வேதபாட வகுப்புகளிலும் உடலில் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். 1985 ஜனவரியில் 16 பேர் மீது குற்றச்சாட்டு வந்தது. போதகர், பாதிரியார்கள், கன்னியாஸ்திரிகள், தன்னார்வலர்கள், கூடவே எல்லைக்கு அப்பாலிருந்து கினோனெஸும் ஒரு மெக்சிகோப் பெண்மணியும். பதினொரு பேர் விசாரணையைச் சந்தித்தார்கள்.

உளவு வெளியே தெரிந்ததும் சில சபைகளில் கூட்டம் குறைந்தது. வேதபாடத்துக்கு வருவதை ஆட்கள் நிறுத்திக்கொண்டார்கள், போதகரிடம் மனம்விட்டுப் பேசத் தயங்கினார்கள். யார் உண்மையான விசுவாசி, யார் ஒலிப்பதிவு செய்கிறவர் என்று பக்கத்து இருக்கையைச் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை. சபைகள் இதற்காக அரசு மீது தனி வழக்கே போட்டன. 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தப் பாதிப்புக்காக வழக்காடச் சபைகளுக்கு உரிமை உண்டு என்றது.

குற்றவழக்கு விசாரணை 1985 அக்டோபரில் தொடங்கி ஆறு மாதத்துக்கு மேல் நடந்தது. நீதிபதி ஏர்ல் கேரல் ஆரம்பத்திலேயே எல்லை வகுத்தார். எல் சால்வடோர், குவாத்தமாலா நிலவரம் பற்றிப் பேசக்கூடாது. சர்வதேசச் சட்டம் பற்றிப் பேசக்கூடாது. மத நம்பிக்கையைத் தற்காப்பு வாதமாக வைக்கக்கூடாது. இவர்கள் ஏன் செய்தார்கள் என்ற கேள்வியே ஜூரிக்கு முன்னால் வரக்கூடாது என்றானது. பேச வேண்டியது எதுவும் இல்லை என்றான பிறகு பேசி என்ன பயன்? குற்றம்சாட்டப்பட்டவர்களின் வக்கீல்கள் ஒரு சாட்சியைக்கூட அழைக்காமல் வாதத்தை முடித்துக்கொண்டார்கள். 1986 மே 1 அன்று எட்டு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. ஃபைஃப், கினோனெஸ் அதில் அடக்கம். இயக்கத்துக்கே வித்திட்ட கார்பெட் விடுதலை! அவருக்கு எதிராக ஒலிநாடாவில் போதிய சரக்கு இல்லை. ஜூலையில் தண்டனை: யாருக்கும் சிறை இல்லை, நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும். ஃபைஃபுக்கு ஐந்து ஆண்டு. ஊருக்குத் திரும்பிய எட்டுப் பேரில் பலர் விட்ட வேலையைத் தொடர்ந்தார்கள். குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்ட ஃபைஃபை 1992இல் அமெரிக்க பிரெஸ்பிடேரியன் திருச்சபை தன் பொதுப் பேரவையின் தலைவராகவே தேர்ந்தெடுத்தது.

உண்மையான வெற்றி வேறொரு நீதிமன்றத்தில், அதிகம் பேசப்படாமல் வந்தது. 1985இல் அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகளும் பிற அமைப்புகளும் சேர்ந்து, தஞ்சம் வழங்குவதில் பாரபட்சம் காட்டுகிறீர்கள் என்று அரசு மீது உரிமையியல் வழக்குத் தொடுத்திருந்தன. அரசு கடைசியில் சமரசத்துக்கு வந்தது, 1991 ஜனவரியில் நீதிமன்றம் அதை ஏற்றது. சால்வடோர், குவாத்தமாலா விண்ணப்பங்களைப் புதிதாக விசாரிக்க வேண்டும், அமெரிக்க வெளியுறவுக் கொள்கை தீர்மானத்தில் தலையிடக்கூடாது. இதற்குச் சற்று முன், 1990 குடிவரவுச் சட்டம் சால்வடோர்காரர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பும் தந்திருந்தது. கார்பெட் சொன்னதைத்தான் இப்போது அரசே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

சரி, அந்த ஒளிந்திருந்த சிக்கலுக்கு வருவோம். சட்டப்படி அகதியானவர்களுக்கு மட்டுமே உதவுகிறோம் என்று வாதாட வேண்டுமானால், வருகிறவர் உண்மையிலேயே அகதியா என்று விசாரிக்க வேண்டும். டூசான் குழு விசாரித்தது. கொலை மிரட்டலுக்குப் பயந்தவருக்கு உதவி, வேலை தேடி வந்தவருக்கு இந்தப் பாதையில் இடமில்லை. அதே பாலைவனத்தில், அதே வெயிலில், பிழைப்பு தேடி மெக்சிகோக்காரர்களும் நடந்துகொண்டிருந்தார்கள். சிகாகோவைக் குறை சொன்னவர்களும் ஒரு வாசல்காவலரை வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுடைய அளவுகோல் நேர்மையானது, சட்டத்திலிருந்தே எடுத்தது. ஆனால் மத்தேயு 25இல் அந்நியனைச் சேர்த்துக்கொள்வதற்கு முன் அவன் ஏன் வந்தான் என்று கேட்கும் காட்சி இல்லை. அரசை அதன் சட்டத்தாலேயே மடக்கியது டூசானின் பலம். அதற்குக் கொடுத்த விலை இது.

இந்த இடைவெளியை ஃபைஃபே பிற்காலத்தில் தாண்டினார். 1990களின் நடுவில் அமெரிக்கா நகர்ப்புற எல்லைகளை வேலி போட்டு இறுக்கியது. ஆட்கள் வருவது நிற்கவில்லை, ஆளில்லாப் பாலைவனத்துக்குத் திரும்பினார்கள். 2000க்குப் பிறகு தெற்கு அரிசோனாவில் மட்டும் 3,000க்கு மேற்பட்ட சடலங்களும் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. பாலைவனத்தில் தண்ணீர்த் தொட்டி வைக்கும் அமைப்பு ஒன்று 2000இல் டூசானில் தொடங்கியது, ‘இனி மரணங்கள் வேண்டாம்’ என்ற அமைப்பு 2004இல். இரண்டின் தொடக்கத்திலும் ஃபைஃப் இருந்தார். இங்கே விசாரணை கிடையாது. குடத்தில் தண்ணீர், உணவு, முதலுதவி. அகதியா, கூலி வேலைக்கு வந்தவரா என்று கேட்க ஆளும் இல்லை. 2014இல் சவுத்சைடு ஆலயம் மறுபடியும் அடைக்கலம் கொடுத்தபோது தங்கவைத்ததும், பல ஆண்டு டூசானில் வீட்டுவேலை செய்து பிழைத்த ஒரு மெக்சிகோத் தாயைத்தான். 461 நாள் ஆலய வளாகத்தை விட்டு வெளியே வராமல் இருந்து, 2015 நவம்பரில் குடும்பத்திடம் போனார்.

அப்போதெல்லாம் ஆலயம், பள்ளி, மருத்துவமனைக்குள் குடிவரவு அதிகாரிகள் கைது செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்ற 2011 வழிகாட்டுதல் நடப்பில் இருந்தது. 2021இல் அதன் இடத்தில் வந்த வழிகாட்டுதலை 2025 ஜனவரியில் நீக்கிவிட்டார்கள்.

நீதிமன்றமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. பாலைவனத்தில் உதவிய ஒரு தன்னார்வலர் மீது அரசு போட்ட வழக்கு 2019இல் டூசானிலேயே விசாரணைக்கு வந்தது. இரண்டு பேருக்குச் சாப்பாடும் தங்க இடமும் கொடுத்ததாகச் சொன்ன பெரிய குற்றச்சாட்டில், முதல் ஜூரி முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது, இரண்டாவது ஜூரி விடுதலை செய்தது. வனவிலங்குக் காப்பு நிலத்தில் தண்ணீர்க் குடங்களை விட்டுச் சென்றதாக இருந்த சிறிய குற்றச்சாட்டை நீதிபதியே விசாரித்தார். அந்தத் தன்னார்வலர் தன் ஆன்மிக நம்பிக்கைப்படி செய்தார், 1993ஆம் ஆண்டு மதச் சுதந்திரச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது என்று சொல்லி விடுவித்தார். 1985-86 விசாரணையில் ஜூரியின் காதில் விழக்கூடாது என்று தடுத்த வாதமும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.